ஏலாத ஆக்கள் கூப்பிட உடம்பில கட்டுற பெல்: ஆராவது செய்து பாத்தனீங்களோ?

05.01.2025 (கேள்வி)

கொக்குவில்ல இருந்து எழுதுறன். இறுதியாண்டு புரொஜெக்ற். நோயாளியின்ர கையில ஒரு பட்டி, அதில ஒரு பட்டன். அழுத்தினா ஜிஎஸ்எம் மொடியூல் (சிம் போட்டுப் போன் மாதிரி வேலை செய்யிற சின்னப் போர்ட்) வழியா மூண்டு பேருக்கு எஸ்எம்எஸ் போகும். விழுந்தா தானாவே போகும். என்ர கணிப்பில பெரிய எதிரி பிழையான அழைப்புத்தான். அதால 5 செக்கன் அமத்திப் பிடிச்சாத்தான் வேலை செய்யிற மாதிரி வைக்கப்போறன். அவசரத்துக்கு மட்டும் எண்டு நோயாளிக்குச் சொல்லிக் குடுத்தாக் காணும். செய்து பாத்த ஆக்கள் இருந்தா பிழை சொல்லுங்கோ.

07.01.2025

5 செக்கன் எண்டு எழுதுறது லேசு தம்பி. மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு ஒரு இறுக்கமான பட்டனைப் பெருவிரலால 5 செக்கன் அமத்திப் பாரும். பேந்து மூச்சு முட்டுற ஆள் மாதிரி நினைச்சுக்கொண்டு இன்னொருக்காச் செய்யும். பாக்கின்சன் உள்ள ஆளின்ர விரல் விட்டு விட்டுத்தான் பிடிக்கும். உம்மட புரோகிராம் ஒவ்வொரு தரமும் ஒண்டில இருந்து எண்ணும்.

நான் உரும்பிராய், ரிவி றேடியோ திருத்துற ஆள். அம்மாவுக்கு 2023 ஆடியில பாரிசவாதம். மூளையின்ர இடப்பக்கம் அடைபட்டது. வலக்கையும் வலக்காலும் போட்டுது, கதையும் போட்டுது. சொல்றது எல்லாம் விளங்கும், ஆனா வாயில வாறது "ஓ", "ம்ம்" ரெண்டுந்தான். கத்திக் கூப்பிட ஏலாத ஆளுக்குத்தான் நான் பெல் செய்ய வெளிக்கிட்டது.

முதல் சாமான் ஈஎஸ்பி32 எண்ட வைஃபை உள்ள சின்னக் கணினிப் போர்ட், வீட்டு வைஃபை, ரெலிகிராம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில போர்ட் வாங்கி, ரெண்டு இரவில முடிச்சிட்டன். அழுத்தினா என்ர போனுக்கும் ரொறன்ரோவில இருக்கிற அண்ணையின்ர போனுக்கும் மெசேஜ் வரும். என்ர போன் இரவில சைலன்ற். மார்கழியில ஒரு நாள் இரவு 2 மணிக்கு வீட்டு லைன் அடிக்குது. அங்க பின்னேரம் மூண்டரை. அண்ணை வேலைத்தலத்தில நிண்டு, "டேய், அம்மா கூப்பிடுறா, எழும்படா" எண்டுறார். அம்மா படுக்கிறது எனக்குப் பக்கத்து அறை. நடுவில ஒரே ஒரு சுவர். செய்தி கனடாவுக்குப் போட்டுத் திரும்பி வருது. தண்ணி கேட்டிருக்கிறா.

08.01.2025

"வயரில்லாத கதவு பெல் 1500 ரூபாவுக்குக் கிடக்குதே, அதை வாங்கிக் கழுத்தில தொங்கவிட்டாச் சரிதானே" எண்டு ஒராள் கேட்டிருக்கிறார். செய்தனான். அதுதான் ரெண்டாவது சாமான்.

உது 433 மெகாஹேர்ட்ஸ் ரகம். மலிவு, தூரமும் போகும், சுவரையும் துளைக்கும். 12 வோல்ட் சின்ன பற்றரி ஒண்டு கன மாதம் தாங்கும். கரைச்சல் கோட்டில, அதாவது ரிமோட்டும் பெல்லும் ஒண்டையொண்டு அடையாளம் காணுற எண்ணில. பழைய பிடி2262 சிப்பில எட்டுக் கால், ஒவ்வொண்டுக்கும் மூண்டு நிலை, ஆகமொத்தம் 6561 கோடு. கடையில விக்கிறவன் ஒண்டையும் மாத்தாமத்தான் விக்கிறான். முன்வீட்டுக்காரரும் அதே பெல்லைப் படலையில பூட்டியிருந்தவை. அவையின்ர வீட்டுக்கு மீன்காரன் வந்தா நான் அம்மாவிட்ட ஓடுறன். அம்மா அழுத்தினா அவை படலைக்கு ஓடினம். காலைப் பிரிச்சு ஒட்டி அதைத் தீர்த்தன். தீராதது மற்றது: உந்தப் பெல் ஒருவழிப் பாதை. அழுத்தின ஆளுக்கு ஆரும் கேட்டவையோ எண்டு தெரியாது. ரிமோட்டில மின்னுற சிவப்பு லைற் "நான் அனுப்பிட்டன்" எண்டுதான் சொல்லும், "கேட்டது" எண்டு சொல்லாது.

08.01.2025 (இரவு)

எழுத மறந்தது. ஜிஎஸ்எம் எண்டு இறங்கினா பற்றரியை முதலில பாரும். சிம்800எல் எண்ட ஜிஎஸ்எம் மொடியூல் சிக்னல் தேடி அனுப்பேக்க 2 அம்பியர் வரைக்கும் ஒரு இழுவை இழுக்கும். சின்ன பற்றரியின்ர வோல்ட் விழுந்து மொடியூல் தானா றீசெற் ஆகும். அவசர நேரத்திலதான் அது நடக்கும். மேசையில பவர் சப்ளை வைச்சுச் சோதிச்சா ஒருநாளும் தெரியாது. சிம்முக்கு றீலோட் போட மறக்கிறது இன்னொரு கதை.

இப்ப இருக்கிறது நாலாவது சாமான். மூண்டாவதைப் பற்றிக் கேக்காதேங்கோ. ரெண்டு ஈஎஸ்பி32 சி3 போர்ட், ஒண்டு அம்மாவில, ஒண்டு என்ர அறைப் பெட்டியில. ஈஎஸ்பி-நவ் எண்டு ஒரு முறை இருக்கு, ரூட்டர் இல்லாம போர்ட்டும் போர்ட்டும் நேராக் கதைக்கும். இன்ரநெற் தேவையில்லை, கனடா தேவையில்லை, கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

அதில ஒரு வசதி, அனுப்பினது மற்றப் போர்ட்டுக்குச் சேந்ததோ எண்டு உடன தெரியும். முதலில அதைத்தான் பதிலா வைச்சன். சேந்தா அம்மாவின்ர பக்கம் ஒரு அதிர்வு. பேந்துதான் மண்டையில ஏறினது, பெட்டி கேட்டது வேற, மனுசர் கேட்டது வேற. நான் கடைக்குப் போயிருந்தாலும் பெட்டி "கேட்டது" எண்டு சொல்லும். இப்ப பெட்டியில பெரிய பச்சை பட்டன் ஒண்டு, "வாறன்" எண்டு பெயின்றால எழுதி வைச்சிருக்கு. அதை நான் அழுத்தினாத்தான் அம்மாவின்ர கையில ரெண்டு தரம் அதிரும்.

12.01.2025

பற்றரிக் கணக்குக் கேட்ட தம்பிக்கு. 150 மில்லிஅம்பியர்மணி லித்தியம் பொலிமர், பாதுகாப்புச் சுற்று உள்ளது. 10 நிமிசத்துக்கு ஒருக்கா முழிச்சு "இருக்கிறன்" எண்டு ஒரு வார்த்தை அனுப்பும். ஒரு நாளைக்கு 144 தரம், ஒவ்வொண்டும் 0.3 செக்கன், 80 மில்லிஅம்பியர் அளவில. நாளுக்கு ஒண்டு மில்லிஅம்பியர்மணி. நித்திரையில இழுக்கிறதும் அவ்வளவுதான். கடதாசியில ரெண்டு மாதத்துக்கு மேல வரும்.

உண்மையில 9 நாளும் வராது. ஏனெண்டா அழுத்தினாப் பிறகு என்ர "வாறன்" வரும்வரை ஒரு நிமிசம் முழிச்சுக் காதைக் குடுத்துக்கொண்டு இருக்கவேணும். அம்மா ஒரு நாளைக்கு 11, 12 தரம் அழுத்துவா. 11 நிமிசம், 80 மில்லிஅம்பியர், கிட்டத்தட்ட 15 மில்லிஅம்பியர்மணி. கூப்பிடுறதுக்குச் செலவில்லை, பதிலுக்குக் காத்திருக்கிறதுக்குத்தான் செலவு. அதால ரெண்டு சாமான் செய்து வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு வாக்கேக்க மாத்துறது. காசு மாதிரி வட்டமான சின்னப் பற்றரி வேண்டாம், 2032 எண்டுறது 3 வோல்ட்டும் 220 மில்லிஅம்பியர்மணியும் சொல்லும், ஆனா அதிர்வு மோட்டரையும் ரேடியோவையும் ஒரேயடியா இழுத்தா மூச்சை விட்டிடும்.

15.01.2025

பொங்கல் வெடிச்சத்தத்தில அம்மா நேற்று விடிய அஞ்சு தரம் கூப்பிட்டா. ஒண்டும் வேண்டாம், பக்கத்தில இருக்கச் சொல்லித்தான். வெடிச்சத்தம் எங்கட வயதுக்காரருக்கே ஒரு மாதிரி, அவவுக்கு எப்பிடி இருக்கும்.

"12 தரம் அழுத்துறாவே, அது பிழையான அழைப்பு இல்லையோ?" எண்டு புரொஜெக்ற் தம்பி கேட்டிருக்கிறீர். அதுக்குப் பேந்து வாறன். எழுதக் கொஞ்சம் கஷ்டமான விசயம்.

எங்க கட்டுறது எண்டதை முதல் சொல்றன். படத்தில எல்லாம் மணிக்கூடு மாதிரி மணிக்கட்டிலதான். நல்ல கையில கட்டினா அழுத்துறது எந்தக் கையால? ஏலாத கையாலயோ? எனக்கு இது விளங்கினது பட்டியைத் தைச்சுக் கட்டி முடிச்சுப்போட்டு, அம்மா என்னையும் தன்ர இடக்கையையும் மாறி மாறிப் பாக்கேக்கதான். சரி, கழுத்தில தொங்கவிடுவம் எண்டு கறுப்பு நூலில கோத்துக் கொண்டு போனன். தலையை ஆட்டி வேண்டாம் எண்டிட்டா. ஐயா செத்துத் தாலிக்கொடி கழட்டின நாளில இருந்து அந்தக் கழுத்தில ஒண்டும் ஏறினதில்லை. நான் அதை யோசிக்கவே இல்லை.

கடைசியில ஏலாத வலக்கையில, முழங்கைக்குக் கீழ, அகலமான பருத்திப் பட்டியில கட்டினன். இடக்கையால எட்டி அழுத்தலாம். பட்டனைச் சுத்தி ஒரு வளையம் உயர்த்தி வைச்சன், புரண்டு படுத்தா அமத்துப்படாமல் இருக்க. ஒண்டு கவனம்: ஏலாத கை வீங்கும், உணர்ச்சியும் குறைவு, பட்டி இறுக்கினாலும் ஆள் சொல்லமாட்டா. விடியவும் பின்னேரமும் கழட்டித் தோலைப் பாக்கவேணும்.

26.01.2025

மேல ரொறன்ரோக் கதையைப் பகிடியா எழுதினன். கன பேர் சிரிச்சிருக்கிறியள். மிச்சத்தை எழுதேல்லை.

அண்டைக்கு இரவு போனை வைச்சிட்டு அம்மாவின்ர அறைக்குப் போனன். தண்ணி குடுத்தன். குடுத்துப்போட்டு, "இதுக்கெல்லாம் அழுத்தாதேங்கோ அம்மா, அண்ணை பயந்திட்டார். அவசரம் எண்டா மட்டும் அழுத்துங்கோ" எண்டனான். சத்தமாச் சொல்லேல்லை, நித்திரைக் குணத்தில சொன்னது. அவ "ஓ" எண்டா.

அதுக்குப் பிறகு பிழையான அழைப்பு ஒண்டும் வரேல்லை. எனக்குப் புளுகம், சாமான் நல்லா வேலை செய்யுது எண்டு. 2024 மாசியில ஒரு நாள் விடிய அஞ்சு மணிக்குக் கோப்பி போட எழும்பினா, அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில நிலத்தில இருக்கிறா. சட்டை நனைஞ்சு, கால் குளிர்ந்து. பெல் மடியில கிடக்குது. பற்றரி இருக்கு, லைற் வேலை செய்யுது, நான் சோதிச்சன். எத்தினை மணிக்குச் சறுக்கினவ எண்டு கேட்டன், ரெண்டு விரலைக் காட்டினா. ஏன் அழுத்தேல்லை எண்டு கேட்டன். இடக்கையை மடிச்சுக் கன்னத்தில வைச்சுத் தலையைச் சரிச்சுக் காட்டினா. பேந்து என்னைச் சுட்டிக் காட்டினா.

நான் நித்திரையாம்.

தம்பி, உம்மட 5 செக்கனைவிட நான் வைச்ச வடிகட்டி நல்லா வேலை செய்திருக்கு.

27.01.2025

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் சரி. எலும்பு ஒண்டும் முறியேல்லை. ஆனா விசயத்தை விட்டிடாதேங்கோ.

அவசரத்துக்கு மட்டும் எண்டு வைச்ச பட்டன், அவசரம் வரும்வரைக்கும் ஆரும் தொடாத பட்டன். பற்றரி செத்தது தெரியாது, வயர் விட்டது தெரியாது, விரலுக்குப் பழக்கம் இல்லை. அதோட அழுத்துற ஆள் தானே நீதவானாகி, "இது அவசரமோ, இல்லையோ" எண்டு தீர்ப்புச் சொல்லவேணும், அதுவும் மூளையில அடைப்பு வந்த ஆள். வயது போனவை எப்பவும் தங்களுக்கு எதிராத்தான் தீர்ப்புச் சொல்லுவினம். "பிள்ளையளுக்கு ஏன் கரைச்சல்."

அதுக்குப் பிறகுதான் பதில் அதிர்வும் வந்தது, புதுச் சட்டமும் வந்தது. அம்மாவுக்குச் சொன்னன், தண்ணிக்கு அழுத்துங்கோ, கக்கூசுக்கு அழுத்துங்கோ, ஃபான் கூடினா அழுத்துங்கோ, றேடியோவில மரண அறிவித்தல் தொடங்கினாலும் அழுத்துங்கோ. முதல் கிழமை ஒரு தரமும் இல்லை. நானே பக்கத்தில இருந்து அவவின்ர விரலைப் பிடிச்சு அழுத்தி, ஓடிப்போய் "வாறன்" அடிச்சு, திரும்பி ஓடி வந்து, சின்னப்பிள்ளையள் ஒளிச்சுப்பிடிச்சு விளையாடுற மாதிரி. மூண்டாம் நாள் சிரிச்சா. வாதம் வந்தாப் பிறகு சிரிச்சதை நான் அப்பதான் பாத்தது. இப்ப 12 தரம்.

சும்மா அழுத்துறதுக்கு ஒரு சத்தம், தொடர்ந்து மூண்டு தரம் தட்டினா வேற சத்தம், ஊரே கேக்கும். அமத்திப் பிடிக்கிறது ஒண்டும் இல்லை.

09.02.2025 (இரவு)

பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சதாம். இலங்கை முழுக்கக் கரண்ட் போட்டுது. உரும்பிராயில என்ர அம்மாவின்ர பெல்லும் போட்டுது.

08.01 குறிப்பில "கரண்ட் போனாலும் வேலை செய்யும்" எண்டு எழுதின மேதாவி நான்தான். அம்மாவில இருக்கிறதுக்குப் பற்றரி இருக்கு. என்ர அறைப் பெட்டி? சுவர்ப் பிளக்கில. அதுக்குப் பற்றரி வைக்க வேணும் எண்டு ஒரு வருசமா யோசிக்கேல்லை. 2022இல 13 மணித்தியால வெட்டைக் கண்டவன் நான்.

பதினொண்டரை போல நான் கிணத்தடியில. மோட்டர் நிண்டிட்டுது, வாளியைக் கட்டி அள்ளிக்கொண்டு நிக்கிறன். ரங் ரங் எண்டு ஒரு சத்தம். எவர்சில்வர் பேணியால கட்டில் இரும்பில அடிக்கிறா. ஓடினன். நாலைஞ்சு தரம் அழுத்தியிருக்கிறா, பதில் அதிர்வு வரேல்லை, உடன பேணியை எடுத்திட்டா. பழைய கதவு பெல்லா இருந்தா லைற் மின்னினதைப் பாத்து, மகன் வாறான் எண்டு நம்பிக்கொண்டு இருந்திருப்பா. பதில் இல்லாததும் ஒரு செய்திதான் எண்டு எனக்கே இண்டைக்குத்தான் விளங்கினது.

வேண்டினது என்னெண்டா, ஃபான் நிண்டிட்டுது, யன்னலைத் திறக்கச் சொல்லி.

11.02.2025

நேற்றும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. பழைய லப்டொப் பற்றரியில இருந்து கழட்டின 18650 ரக லித்தியம் செல் ஒண்டும் சார்ஜர் போர்ட்டும் பெட்டிக்குள்ள போட்டாச்சு. பிளக்கில கரண்ட் நிண்டா ஒருக்காக் கீச்செண்டும். மூண்டு "இருக்கிறன்" தவறினாலும் கீச்செண்டும். பேணியைக் கட்டில் தலைமாட்டில நிரந்தரமா வைச்சாச்சு. வீட்டுக்காரி, "உங்கட நாலு சாமானிலயும் உதுதான் திறம்" எண்டுறா.

23.02.2025

இயன்மருத்துவம் படிச்ச ஒரு தங்கச்சி தனிமடலில கேட்டது: "அண்ணா, வாதம் வந்த ஆக்கள் விழுந்தா அனேகமா ஏலாத பக்கமாத்தான் விழுவினம். அம்மா வலப்பக்கம் சரிஞ்சு விழுந்தா வலக்கை உடம்புக்குக் கீழ போயிடாதோ?"

ரெண்டு நாள் எனக்குப் பதில் எழுத வரேல்லை. 15.01இல பெருமையா எழுதின முழங்கைப் பட்டியை ஆரும் பாத்துச் செய்திருந்தா நிப்பாட்டுங்கோ. கட்டிலில இருக்கேக்க அது சரி. விழுந்தா, பட்டன் அவவின்ர உடம்புக்குக் கீழ, இடக்கை மேல காத்தில.

02.03.2025

தீர்வு தையல் மெசினில கிடந்திருக்கு. அம்மா போடுறது எப்பவும் ஹவுஸ்கோட். நடு நெஞ்சில, உள்பக்கமா ஒரு சின்னப் பை. கழுத்தில ஒண்டும் தொங்காது, எந்தப் பக்கம் விழுந்தாலும் இடக்கை எட்டும், துணிக்கு மேலாலயே அழுத்தலாம். அக்கா அஞ்சு ஹவுஸ்கோட்டுக்கும் தைச்சுத் தந்தா. பைக்கு மேல வெளிப்பக்கம் சிவப்பு நூலால ஒரு வட்டம் போட்டிருக்கிறா, விரல் தடவிக் கண்டுபிடிக்க. அதை நான் சொல்லேல்லை, அக்காவின்ர யோசினை.

லித்தியம் பற்றரியை நெஞ்சுக்குக் கிட்ட வைக்கிறதால கடினமான பிளாஸ்ரிக் கூட்டுக்குள்ள போட்டுத்தான் வைக்கிறன். கொஞ்சம் வீங்கினாலும் எறியிறது.

05.03.2025

ஒரு சாமான் போச்சு. ஹவுஸ்கோட்டோட சன்லைற் தண்ணிக்குள்ள ஒரு இரவு முழுக்க ஊறியிருக்கு. பெட்டி கீச்சிட்டது, நான்தான் நித்திரையில நிப்பாட்டியிருக்கிறன். ஐபி67 எண்ட தண்ணி புகாத தரம் எண்டா ஒரு மீற்றர் ஆழத்தில 30 நிமிசம். வாளிக்குள்ள எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரமும் இல்லை.

16.03.2025

விழுந்தாத் தானா அறியிறது பற்றி மூண்டு பேர் கேட்டாச்சு. அப்பிள் மணிக்கூட்டில 2018இல நாலாவது தொடரோட வந்தது, தெரியும். ஏடிஎக்ஸ்எல்345 எண்ட அசைவை அளக்கிற சென்சருக்குள்ளயே விழுகையைக் கண்டுபிடிக்கிற வேலை இருக்கு. வாங்கிப் போட்டுப் பாத்தன். அது தேடுறது: கொஞ்ச நேரம் பாரமில்லாத நிலை, பேந்து ஒரு அடி, பேந்து அசைவில்லை. நல்ல உடம்புக்காரன் தடக்கி விழுந்தா அப்பிடித்தான். அம்மா விழுறது அப்பிடி இல்லை. கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு, மெல்ல மெல்ல, சாக்குச் சரியிற மாதிரிச் சறுக்கி இருப்பா. சென்சருக்கு அது ஒண்டுமே இல்லை. ஆனா கதிரையில தொப்பெண்டு இருந்தா விழுந்திட்டா எண்டு கத்துது. கழட்டிட்டன். உங்கட வீட்டில நடமாடித் திரியிற ஆள் எண்டா வேற கதை, போடுங்கோ.

1990 அம்புலன்ஸ் சேவைக்குத் தானா அடிக்க வைக்கலாமோ எண்டும் கேள்வி. வேண்டாம். 2018 ஆடியில வடக்குக்கு வந்த நாளில இருந்து நல்ல சேவை, காசும் இல்லை. ஆனா அவை கேள்வி கேப்பினம், பதில் சொல்ல ஆள் வேணும். எங்கட ஒழுங்கைக்குப் பேருமில்லை, போர்ட்டுமில்லை. "பிள்ளையார் கோயிலடியால திரும்பி, மதவடி தாண்டி, ரெண்டாவது நீலப் படலை" எண்டதை எந்த மொடியூல் சொல்லும்? அதை ஒரு மட்டையில எழுதி, குடிக்கிற மருந்துப் பேருகளோட போனுக்குப் பக்கத்தில ஒட்டியிருக்கு. இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை வாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடவேணும். அம்மாவுக்கு முதல் வந்தது நித்திரையில, எப்ப தொடங்கினது எண்டே எங்களுக்குத் தெரியாது.

06.04.2025

புரொஜெக்ற் தம்பி எழுதியிருக்கிறார்: சாமான் செய்து அப்பம்மாவிட்டக் குடுத்தவராம், அவ வடிவாத் துணியில சுத்தி அலுமாரிக்குள்ள வைச்சிட்டாவாம், "விலையான சாமான், பழுதாப் போயிடும்" எண்டு.

சிரிக்காதேயும், என்ர அம்மாவும் முதல் கிழமை அப்பிடித்தான். அவவுக்கு என்ன பிடிக்கும் எண்டு பாரும். பின்னேரத் தேத்தண்ணியோ, ரிவி நாடகமோ. அந்த நேரத்தில அவ அழுத்தினாத்தான் தேத்தண்ணி எண்டு வையும். நீர்தான் கொண்டு போகவேணும், ஒவ்வொரு தரமும், அழுத்தின கையோட. ரெண்டு கிழமை. சோதனைக்கு வாற சேர்மாருக்கு வரைபடத்தில இதைக் காட்டேலாது, ஆனா இது இல்லாட்டி மிச்சம் ஓடாது.

5 செக்கனை எடுத்திட்டீராம். நல்லது.

07.04.2025

திருத்தம். 12.01 கணக்கில நித்திரையில இழுக்கிறது நாளுக்கு ஒரு மில்லிஅம்பியர்மணி எண்டது என்ர போர்ட்டுக்கு, அதில இருந்த பவர் லைற்றைக் கழட்டினாப் பிறகு. கழட்டாத போர்ட் எண்டா அந்தச் சின்ன லைற்றே ஒரு மில்லிஅம்பியர் வரை குடிக்கும், நாளுக்கு 24. ஒரு தம்பி பற்றரி ஆறு நாளில செத்தது எண்டு குறைப்பட்டவர், உதுதான் காரணம். சோல்டர் அயனைக் கனநேரம் வைக்காதேயும், பக்கத்தில ரெகுலேற்றர் இருக்கு.